இந்த வீட்டுக்கு எத்தனை மணி நேரம்?

"மூணு மணி நேரமா! இந்த வீட்டுக்கா?"

"ஆமா."

"ரெண்டு ரூம், ஒரு ஹால், ஒரு சமையல்கட்டு, ஒரு பாத்ரூம். இதுல ஒரு ஆளு மூணு மணி நேரம் என்ன பண்ணுவாங்க? செவுத்தை உரிச்சுத் துவைச்சுக் காயப்போட்டு மறுபடி ஒட்டுவாங்களா?"

மனைவி பதில் சொல்லவில்லை. வேலைக்குப் போகும் பையில் குடையைத் திணித்துக்கொண்டிருந்தாள். அவள் பதில் சொல்லாவிட்டால் விஷயம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் அவருக்குத் தெளிவாகத் தெரிந்த சில சங்கதிகளில் அது ஒன்று.

அவருக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. ஏனென்றால் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்வதுதான் அவருடைய தொழிலே. பெரிய சட்டைத் தொழிற்சாலை ஒன்றில், காலர் தைக்க இவ்வளவு நேரம், காஜா எடுக்க இவ்வளவு நேரம் என்று கையில் கடிகாரத்தோடு தையல்காரர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று குறித்தவர். முதலாளியிலிருந்து வாசல் காவலாளி வரை அவரை 'ஸ்டாப்வாட்ச்' என்றுதான் சொல்வார்கள். ஆரம்பத்தில் அவர் காதில் விழாமல் சொன்னார்கள். பிறகு முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். ஓய்வு பெற்ற அன்று ஒலிபெருக்கியிலேயே சொன்னார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பட்டம் மாதிரி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அப்பேர்ப்பட்டவரிடம், அவர் வீட்டைச் சுத்தம் செய்ய எவ்வளவு நேரம் வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை!

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஒரு மணி நேரம். நல்ல கையா இருந்தா அதுகூட அதிகம்."

"அப்படித்தான் சொல்வீங்கன்னு தெரியும். அதான் கேக்கல."

"ஆளே எதுக்கு? நான் வீட்டுலதானே இருக்கேன்? நானே பண்ணிட மாட்டேனா?"

மனைவி திரும்பிச் சமையல்கட்டுச் சுவரைப் பார்த்தாள். அது அடுப்புக்கு மேலே கூரை வரை கறுத்துக் கிடந்தது. பால் பொங்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று குறிப்பதற்காக அவர் கடிகாரத்தைத் தேடப் போன நேரத்தில் பாத்திரம் கரியாகிப்போனதன் விளைவு அது. அதற்கு முன்னால் ஒருநாள் பாத்ரூமில் வழுக்கி மல்லாந்து விழுந்து, அவள் வேலையிலிருந்து திரும்பும்வரை அப்படியே படுத்துக் கிடந்தார். அவரைக் கேட்டால் முதல் தப்பு அடுப்பினுடையது, இரண்டாவது தப்பு தரையினுடையது.

"அந்தத் தரையில பாசி," என்றார் அவர், அவள் எதுவும் கேட்காமலே.

"அதைத்தான் நானும் சொல்றேன். இந்த வீட்டை இப்படியே விட்டுட்டு என்னால நிம்மதியா வேலைக்குப் போக முடியல. நாளைக்கு ஒரு அம்மா வருவாங்க. மூணு மணி நேரம் இருப்பாங்க. அவங்ககிட்ட உங்க கணக்கையெல்லாம் எடுத்து விடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மறுநாள் அந்த அம்மாள் வந்தாள். ஆள் நல்ல உயரம். கதவு நிலை தலையில் இடிக்குமோ என்று பார்ப்பவர் பயப்படும் உயரம். வீட்டில் இருந்த துடைப்பத்தை ஒருமுறை பார்த்தாள். துடைப்பத்துக்கே வெட்கமாக இருந்திருக்கும். தான் கொண்டுவந்த மாப்பையும் வாளியையும் நடு ஹாலில் வைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி நாலு பக்கமும் பார்த்தாள்.

"ஆரம்பிக்கட்டுமா சார்?"

"ம்," என்றார் ஸ்டாப்வாட்ச், பேப்பருக்குப் பின்னாலிருந்து. சட்டைப் பைக்குள் விரலை விட்டுக் கடிகாரத்தைத் தட்டிவிட்டார். மூன்று மணி நேரம் என்று ஊரை ஏமாற்றுகிறவளைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

ஆனால் பேப்பரில் முதல் செய்தியைக்கூட அவர் படித்து முடிக்கவில்லை.

வலது கையில் ஈரத்துணி, இடது கையில் உலர்ந்த துணி. வலது கை போன வழியிலேயே இடது கை போனது. மேலே ஆரம்பித்துக் கீழே வந்தாள். உள்ளே ஆரம்பித்து வெளியே வந்தாள். ஒரு அறைக்குள் வெறுங்கையோடு போகவில்லை, வெறுங்கையோடு திரும்பவும் இல்லை. போகும்போது கொண்டுபோன தலையணை உறையை மாட்டிவிட்டு வரும்போது காலி டம்ளரோடு வந்தாள். நாற்காலியை நகர்த்திய கையே அதன் காலையும் துடைத்தது. தூசி பறக்கவே இல்லை. பறந்தால் நமக்குத்தான் அவமானம் என்று நினைத்து, இருந்த இடத்திலேயே சரணடைந்துவிட்டது போலிருந்தது. கறுத்த சுவர் முன்னால் போய் ஏதோ ஒரு பொடியைக் குழைத்துத் தடவினாள். பாத்ரூமுக்குப் போய்த் திரும்பி வந்து வழித்தாள். சுவர் பழைய நிறத்துக்கு வந்திருந்தது.

ஸ்டாப்வாட்ச் பேப்பரை இறக்கிவிட்டார். வாய் திறந்திருந்தது அவருக்குத் தெரியாது.

சிலருக்கு மலையைப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும். சிலருக்குக் கடலைப் பார்த்தால். ஸ்டாப்வாட்சுக்கு, வீணாகாத கையசைவைப் பார்த்தால். எத்தனையோ ஆயிரம் கைகளை அவர் பார்த்திருக்கிறார். நல்ல கை என்று நினைத்த கைகூட நூலை வெட்டிவிட்டு ஒரு நொடி அந்தரத்தில் சும்மா நிற்கும். மூக்கைச் சொறியும். இவள் கை எங்குமே நிற்கவில்லை. இவளுக்கு அவர் மனசுக்குள் அப்போதே ஒரு பெயர் வைத்துவிட்டார்: சூறாவளி. ஆனால் சூறாவளி போன இடம் கலைந்து கிடக்கும். இவள் போன இடம் வணக்கம் சொல்லி நின்றது.

அவள் வாளியைக் கவிழ்த்து வைத்தபோது பைக்குள் கடிகாரத்தை நிறுத்தினார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தன் கணக்கு சரியாகிவிட்ட சந்தோஷத்தைவிட, இப்படி ஒரு கையைக் கண்ணால் பார்த்துவிட்டோமே என்ற சந்தோஷம்தான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

சூறாவளி கை கழுவினாள். ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டாள். உட்கார்ந்தாள். அவரைப் பார்த்தாள்.

"முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுது சார்."

"அப்போ நீங்க கிளம்பலாமே?"

"மூணு மணி நேரம்னு பேசியிருக்கு சார்."

"பரவாயில்ல, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

"நான் சொல்லிடுவேன் சார்."

அவர் பேப்பரைத் தூக்கினார். பேப்பரின் மேல் விளிம்புக்கு மேலே அவள் கண் தெரிந்தது. பேப்பரை இன்னும் உயர்த்தினார். கீழ் விளிம்பில் அவள் கால் தெரிந்தது. தண்ணீர் குடிக்க எழுந்தார். அவளும் எழுந்தாள். பால்கனிக்குப் போனார். அவளும் பின்னாலேயே வந்து, ஏற்கனவே பளபளத்த கம்பியை அவர் சாய்ந்திருந்த இடத்தில் மறுபடி துடைத்தாள். பாத்ரூம் போய்க் கதவைத் திறந்தால், உலர்ந்த துணியோடு வாசலில் நின்றாள்.

"ஈரமா இருந்தா வழுக்கும் சார்."

அத்தனை வருஷம் மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்றவர் அவர். தன் முதுகுக்குப் பின்னால் ஒருவர் நின்றால் எப்படி இருக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. காது மடல் சுடுகிறது. நடை மறந்துபோகிறது. சொந்த வீட்டில் எந்தக் கையை எங்கே வைப்பதென்று புரிவதில்லை.

ஆனாலும் அவர் மனம் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. பேசிய நேரத்தில் ஒரு நிமிஷம்கூட இவள் திருட மாட்டாள். எவ்வளவு பெரிய நேர்மை! இந்தக் கையைப் போய் மீதி நேரமெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார வைக்கலாமா? ஓட்டப்பந்தயக் குதிரையைக் கொண்டுவந்து வாசல் காக்கக் கட்டிவைத்த மாதிரி அல்லவா இருக்கிறது?

அவளுக்கு வேலை கொடுத்தாக வேண்டும். அதுவும் அவள் தகுதிக்கு ஏற்ற வேலை.

அடுத்த நாள் அவள் வந்து முடித்து உட்காரப் போன நேரத்தில், ஸ்டாப்வாட்ச் சமையல்கட்டுக்குள் போய் மிளகுப்பொடி டப்பாவைத் திறந்து, சுற்றுமுற்றும் பார்த்து, கையை விரித்தார். டப்பா தரையில் விழுந்து உருண்டது.

சத்தம் அடங்குவதற்குள் சூறாவளி வாசலில் நின்றாள்.

"என்ன சார், கை நடுங்குச்சா?"

வேண்டுமென்றே போட்டேன் என்றா சொல்ல முடியும்?

"ஆமாம்மா. லேசா."

அவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு ஈரத்துணியை விரித்துப் போட்டு, மிளகுப்பொடிக்கே தெரியாமல் அதைச் சுருட்டி எடுத்தாள். ஒரு தும்மல் இல்லை. ஸ்டாப்வாட்ச் கண் இமைக்காமல் பார்த்தார். ஆஹா! கை தட்டாமல் இருக்க விரல்களைக் கோத்துக்கொண்டார்.

ஆனால் அது கால் நிமிஷத்தில் முடிந்துவிட்டது. மறுபடி நாற்காலி. மறுபடி கண்.

சற்றுப் பொறுத்து அவர் எழுந்து போய்ப் புத்தக அலமாரியைக் காலி செய்தார். எல்லாப் புத்தகங்களையும் தரையில் பரப்பினார்.

"என்ன சார் தேடுறீங்க?"

"அது... எதுக்கு எடுத்தேன்னு மறந்துபோச்சும்மா."

"மறந்துபோச்சா?"

"சுத்தமா."

அவள் அடுக்கினாள். பெரியது, சிறியது, தடியானது, மெலிந்தது என்று ஒரு பார்வையில் பிரித்து, அட்டையைத் துடைத்துக்கொண்டே உள்ளே தள்ளினாள். அலமாரி கடையில் வாங்கிய அன்றுகூட அப்படி இருந்ததில்லை. அந்த அழகில் மயங்கித்தான் அவர், குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுவிட்டு வந்து, வாளி நிரம்பி வழிந்து தண்ணீர் ஹாலுக்கு வந்ததும், "அடடே, குழாயைத் திறந்தேனா? ஞாபகமே இல்லையே!" என்றார். வெள்ளம் வந்த வேகத்தில் அவள் அதைத் திருப்பி அனுப்பியதை நினைத்து நினைத்துச் சாயங்காலம் வரை புல்லரித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மனைவி வந்தவுடன் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. சாப்பிட்டீங்களா? என்ன சாப்பிட்டீங்க, சொல்லுங்க பாப்போம்?"

"நீ வெச்சுட்டுப் போனதைத்தான். வேற எதைச் சாப்பிடுவேன்?"

அவள் பெருமூச்சு விட்டாள். "அந்தம்மா போன் பண்ணுனாங்க. மூணு மணி நேரம் பத்தாதாம். நாளையிலேர்ந்து அஞ்சு மணி நேரம்."

ஸ்டாப்வாட்சுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கிறவள், மூன்று பத்தாது என்கிறாளா? சோம்பேறி சொன்னால் அர்த்தம் வேறு. இவள் சொன்னால்? அன்று ராத்திரி படுக்கையில் புரண்டு புரண்டு யோசித்ததில் அவருக்கு ஒரே ஒரு விளக்கம்தான் கிடைத்தது. அதை நினைத்ததும் உடம்பு சிலிர்த்தது.

நம் கண்ணுக்குத் தெரியாத அழுக்கு அவள் கண்ணுக்குத் தெரிகிறது.

அதனால்தான் அந்தப் பார்வை! அவள் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால், பக்கத்தில், மேலே, எங்கேயோ இருக்கும் அழுக்கைப் பார்க்கிறாள். பார்த்துக்கொண்டே திட்டம் போடுகிறாள்.

காலையில் மனைவி வேலைக்குக் கிளம்பிப் போனதும், டார்ச் லைட்டும் பழைய பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டு ஸ்டாப்வாட்ச் வீடு முழுக்கத் தவழ்ந்தார். கட்டிலுக்கு அடியில் ஒன்றுமில்லை. பீரோவுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. ஃப்ரிட்ஜின் பின்பக்கம் அவர் முகத்தைக் காட்டியது. கடைசியில் நிமிர்ந்தபோது பரண் கண்ணில் பட்டது.

அதுதான்! அங்கேதான் இருக்கிறது மிச்ச நேரமெல்லாம். அவள் வருவதற்குள் அதைத் தானே துடைத்து வைத்துவிட்டால், இந்த வீட்டுக்கு ஒரு மணி நேரம்தான் என்று நிரூபித்துவிடலாம். அவள் மேல் எவ்வளவு மரியாதை இருந்தாலும் கணக்கு கணக்குதானே.

ஏணியைச் சாத்தினார். வலது கையில் ஈரத்துணி, இடது கையில் உலர்ந்த துணி. அப்படியென்றால் ஏணியைப் பிடிக்கக் கை இல்லை என்பது மூன்றாவது படியில்தான் தெரிந்தது. உலர்ந்த துணியை வாயில் கவ்விக்கொண்டார். ஒருவழியாகத் தலையை உள்ளே விட்டு, முட்டியை ஏற்றி, கடைசியாகக் காலை இழுத்தபோது அந்தக் கால் ஏணியை உதைத்தது. ஏணி சாவகாசமாகச் சாய்ந்து படுத்துவிட்டது.

பரணில் பழைய சூட்கேஸ்களுக்கும் இறக்கையில்லாத மேசை மின்விசிறிக்கும் நடுவே, முட்டி தாடையில் இடிக்க அவர் உட்கார்ந்திருந்தார். துடைக்கலாம் என்றால் கையை நீட்ட இடமில்லை. வாசல் பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. மனைவி அவளுக்கு ஒரு சாவி கொடுத்திருந்தாள்.

"சார்?"

அவர் மூச்சை அடக்கிக்கொண்டார்.

"சார்! எங்க இருக்கீங்க?"

அவள் ஓடும் சத்தம் கேட்டது. முதலில் பாத்ரூம். பிறகு சமையல்கட்டு. பிறகு பால்கனி. வந்ததும் வராததுமாக எத்தனை சுறுசுறுப்பு என்று வியந்துகொண்டிருக்கும்போதே அவருக்குத் தும்மல் வந்தது. நான்கு தும்மல்.

சூறாவளி பரணுக்கு நேர் கீழே வந்து நின்று நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்ணில் முதல் தடவையாக ஒரு பயத்தை அவர் பார்த்தார்.

"சார், அங்க என்ன பண்றீங்க?"

துடைக்க வந்தேன் என்று சொன்னால், அங்கே அழுக்கு இருந்ததை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். ஐந்து மணி நேரமும் நியாயம் என்றாகிவிடும்.

"சும்மாதான். உக்காந்திருக்கேன்."

"பரண்லயா?"

"இங்க நல்லா இருக்கு. காத்து வருது."

அவள் அவரைப் பார்த்தாள். அவருக்குப் பக்கத்தில் இருந்த இறக்கையில்லாத மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு, தூங்கும் குழந்தையை எழுப்பாமல் பேசுகிற குரலில், "சரி சார். காத்து வாங்குங்க. அசையாம அப்படியே இருங்க. நான் இதோ வந்துட்டேன்," என்றாள்.

ஏணியை நிமிர்த்தினாள். ஏறினாள். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவரை மூட்டையாகத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். இறங்குகிற வழியில் ஒரு கை பரண் விளிம்பைத் துடைத்துக்கொண்டே வந்ததை, தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த நிலையிலும் அவர் கவனித்தார். மூச்சு வாங்கவில்லை. கால் தடுமாறவில்லை. ஆளையும் இறக்கியாயிற்று, பரணும் சுத்தம். அவர் நெஞ்சு விம்மியது.

அன்று மனைவி சீக்கிரமே வந்துவிட்டாள். கண் சிவந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோவப்படாம கேளுங்க. நாளையிலேர்ந்து அந்தம்மா முழு நாளும் இருப்பாங்க. நான் போறதுக்கு முன்னாடி வந்து, நான் வந்தப்புறம் போவாங்க."

"முழு நாளா! இது என்ன அரண்மனையா?"

"எனக்காக."

மனைவி இப்படிக் கையைப் பிடித்துப் பேசி வெகு காலம் ஆகியிருந்தது. அவருக்கு எதிர்த்துப் பேசத் தோன்றவில்லை.

முழு நாள் ஏற்பாடு தொடங்கிய காலையில் அவர் மனசை அடக்க முடியாமல் நேராகவே கேட்டுவிட்டார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. நீங்க ஒரு மணி நேரத்துல முடிச்சிடறீங்க. என் கண்ணால பாத்தேன். அப்புறம் எதுக்கு முழு நாள்?"

சூறாவளி மாப்பைப் பிழிவதை நிறுத்தினாள்.

"வேலை இருக்கு சார்."

"எங்க இருக்கு? எனக்குத் தெரியலையே?"

"உங்களுக்குத் தெரியாது சார். தெரியாம இருக்கறதுதான் நல்லது."

ஸ்டாப்வாட்சுக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. அவர் நினைத்தது அப்படியே சரி! இவள் வேறொரு உலகத்தைப் பார்க்கிறாள். இனி இவளிடம் கணக்குப் பேசக் கூடாது. கற்றுக்கொள்ள வேண்டும்.

அவர் சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை வெளியே எடுத்தார்.

"அம்மா, உண்மையைச் சொல்லிடறேன். முதல் நாள்லேர்ந்தே உங்களுக்கு நான் நேரம் குறிக்கிறேன்."

"எதுக்கு சார்? மெஷினா நானு?"

"எத்தனையோ மெஷினுக்குக் குறிச்சிருக்கேன். எதுக்கும் நான் எழுந்து நின்னதில்ல." சொல்லிவிட்டு எழுந்து நின்றார்.

அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். பெரிய ஆள் சிரித்தால் அறைக்கே வெளிச்சம் வருகிறது.

"என்னை இதுவரைக்கும் 'ஏன் இவ்வளவு நேரம்'னு கேட்டவங்கதான் சார் உண்டு. இப்படி எழுந்து நின்னவங்க கிடையாது. சரி, இன்னிக்கு நேத்தையவிட வேகமா முடிக்கிறேனா இல்லையா, பாருங்க."

முடித்தாள். மறுநாள் அதையும் முந்தினாள். அவர் ஹால் நடுவில் நின்று குரல் கொடுப்பார்: "ஜன்னல் ஆச்சு! அடுத்து சமையல்கட்டு! போங்க, போங்க!" அவள் கடைசி அறையிலிருந்து வாளியோடு வந்து நிற்கும்போது இரண்டு பேருக்கும் மூச்சிரைக்கும். அவருக்கு வெறும் சந்தோஷத்தில்.

சாதனை முடிந்த பிறகு நாள் முழுக்கக் கிடந்தது. அவள் அவர் கையில் உலர்ந்த துணியைக் கொடுத்தாள். "நான் ஈரம், நீங்க காய்ஞ்சது. என் கை போன வழியில வாங்க." அவர் போனார். முதல் நாள் ஜன்னல் முழுக்கப் பட்டை பட்டையாக இருந்தது. கட்டைவிரலை அழுத்தாமல் உள்ளங்கையைப் படரவிட வேண்டும் என்று அவள் காட்டினாள். சில நாளில் அவர் துடைத்த கண்ணாடி வழியாக ஒரு பறவை உள்ளே வரப் பார்த்து முட்டிக்கொண்டது. அவருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு தொழிற்சாலையில்கூடக் கிடைத்ததில்லை. பறவைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, இரண்டு பேரும் அதைப் பற்றி மத்தியானம் முழுக்கப் பேசினார்கள்.

அவள் தன் மகள்களைப் பற்றிச் சொன்னாள். அவர் காலர் பிரிவைப் பற்றிச் சொன்னார். ஓய்வு பெற்ற பிறகு யாரும் அவரிடம் காலர் பிரிவைப் பற்றிக் கேட்டதில்லை. இவள், "அப்புறம் என்ன ஆச்சு சார்?" என்று கேட்டாள். தண்ணீர் குடிக்க எழுந்தால் அவளும் எழுவதோ, பாத்ரூம் வாசலில் நிற்பதோ இப்போது அவருக்கு உறுத்தவில்லை. கலைஞர்களுக்கு என்று சில பழக்கங்கள் இருக்கும்.

"இப்ப உங்க முகமே மாறிடுச்சு," என்றாள் மனைவி ஒரு சாயங்காலம். "பசி எடுக்குது. நல்லாத் தூங்குறீங்க. எதையும் கீழ போடறதில்லையாம், மறக்கறதில்லையாம்."

"வீடு சுத்தமா இருந்தா மனுஷனும் நல்லா இருப்பான்," என்றார் அவர். பிறகு, தன் வாழ்க்கையிலேயே சொல்லாத ஒன்றைச் சொன்னார். "உன்கிட்ட ஒண்ணு ஒத்துக்கணும். என் கணக்கு தப்பு."

"எந்தக் கணக்கு?"

"ஒரு மணி நேரம்னு சொன்னேன்ல? இந்த வீட்டுக்கு முழு நாள் வேணும். அதுவே பத்துமான்னு தெரியல. நீ தொழில் கத்துக்காமலே கண்ணால அளந்து சொல்லியிருக்க. உன்னை நினைச்சா எனக்கு ஆச்சரியமா இருக்கு."

மனைவி எழுந்துபோய் ஏற்கனவே கழுவி வைத்திருந்த டம்ளரை மறுபடி கழுவினாள்.

இரண்டு நாள் கழித்து சூறாவளிக்கு விடுப்பு வேண்டியிருந்தது. மூத்த மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்து, கொண்டுபோய் விட்டுவர வேண்டுமாம். "எங்க தெருவுல ஒரு பொண்ணு இருக்கா சார். எல்லாம் சொல்லிக் கொடுத்து அனுப்புறேன். ஒரு நாள்தான். சமாளிச்சுக்குங்க," என்று பத்துத் தடவை சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். தன் கைவேலையை விட்டுப் பிரிய மனசில்லாத கலைஞரின் வேதனை என்று ஸ்டாப்வாட்ச் புரிந்துகொண்டார்.

மாற்று ஆளாக வரும் பெண்ணுக்கு இந்த வீட்டின் தரம் தெரிய வேண்டுமே என்று அவருக்குக் கவலை. காலையில் முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, கழுத்தில் கடிகாரத்தைத் தொங்கவிட்டு, தொழிற்சாலை நாட்களில் நின்ற மாதிரி முதுகை நிமிர்த்தி வாசலில் நின்றார். மனைவி கிளம்பத் தயங்கித் தயங்கி, "அந்தப் பொண்ணு கீழ லிஃப்ட்கிட்ட வந்துட்டா," என்று சூறாவளியிடமிருந்து போன் வந்த பிறகுதான் போனாள்.

வந்தவள் சின்னப் பெண். காதில் மாட்டியிருந்த பாட்டுக் கருவியை அவரைப் பார்த்ததும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"வாம்மா. இந்த வீட்டைப் பத்திச் சொல்லியிருக்காங்கல்ல?"

"சொல்லியிருக்காங்க சார்."

"சாதாரண வீடு இல்ல இது. பாத்தா சின்னதாத் தெரியும். ஏமாந்துடாத. உங்க அக்கா மாதிரி ஒரு கை உலகத்துலேயே கிடையாது. அவங்களே முழு நாள் கேட்டிருக்காங்கன்னா பாத்துக்கோ."

அவள் தலையாட்டினாள். ஆனால் மாப்பை எடுக்கவில்லை. ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். படுக்கையறைக் கதவை மெல்லத் தள்ளி எட்டிப் பார்த்தாள். அடுத்த அறையையும் எட்டிப் பார்த்தாள். பாத்ரூமை, பால்கனியை, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். ஸ்டாப்வாட்சுக்கு மனசு குளிர்ந்தது. வேலையைத் தொடுவதற்கு முன்னால் அழுக்கைத் தேடுகிறாள். ஒரு நாள் பயிற்சியிலேயே அந்தப் பார்வை வந்துவிட்டதே! குருவின் கை அப்படி.

"தேடு, தேடு. அவசரமில்ல," என்று உற்சாகப்படுத்தினார். கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்துக் கட்டைவிரலை அதன் மேல் வைத்தார். "எங்கேர்ந்து ஆரம்பிக்கப் போற? அதைச் சொல்லு முதல்ல."

அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவர் காதருகே வந்து சொன்னாள்:

"வீட்டு வேலை ஒரு மணி நேரம்தான், அதைப் பத்திக் கவலையே படாதேன்னு அக்கா சொன்னாங்க சார். மீதி நேரமெல்லாம் இங்க ஒரு பெரியவரைத் தனியா விடாம பாத்துக்கணுமாம், அதுதான் வேலையேன்னு சொன்னாங்க. அவரு எங்க சார், எந்த ரூம்லயும் காணோமே?"